திருவிழாவுக்குக் கூத்தா, ஆர்கெஸ்ட்ராவா? டிவியும் போனும் வடாற்காட்டு ஊர்களை மாற்றிய விதம்

கலவைரோடு எழுதியது:

எங்கள் ஊர் கலவைக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் சாகிற கட்டமான படுகளம், சாயங்காலம் தீமிதி. பத்து ராத்திரி கூத்து வைப்பது வழக்கம். இந்த முறை கமிட்டியில் பாதிப் பேர் அதை மூன்று ராத்திரியாகக் குறைத்துவிட்டு மிச்சப் பணத்தில் ஆர்கெஸ்ட்ராவும் எல்இடி திரையும் வைக்கலாம் என்கிறார்கள். "பாரதம் எல்லாம் டிவியிலேயே பார்த்தாச்சு, விடிய விடிய எவன் உட்காருவான்?" இதுதான் அவர்கள் வாதம்.

கமிட்டி சண்டையை இங்கே தீர்க்கச் சொல்லவில்லை. அந்த வாதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. பாரதத்தை டிவியில் பார்ப்பதும் கூத்தில் பார்ப்பதும் ஒன்றா?

கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வரும்போது கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மறித்து, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். துரியோதனனே ஆனாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் சபைக்கு வர முடியும். துகிலுரிதல் அன்று பீஷ்மரும் துரோணரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது கூட்டத்தின் மனசில் இருப்பதை அவன்தான் எடுத்துக் கேட்பான். கூட்டமும் சும்மா இருக்காது. வயதானவர்கள் துச்சாதனனைத் திட்டுவார்கள், பாஞ்சாலிக்குக் கற்பூரம் ஏற்றுவார்கள்.

டிவியில், செய்தியில், போனில் பேசுகிறவர்கள் ஏராளம். நமக்காகக் குறுக்கே நின்று கேட்கிற ஆள் யாரும் இல்லை. ஊடகம் சமூகத்தைக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்கள் ஆபாசம், வன்முறை என்று காட்டப்படும் விஷயத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, அங்கேயே எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் கலைந்ததுதான் அதைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி?

ஆரணிதறி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டுத்தறி. நான் பார்த்த வரைக்கும் கூட்டம் ஒரே நாளில் கலையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலைந்தது.

முதலில் ரேடியோ. சென்னை வானொலி நிலையம் 1938இல் வந்தது என்றாலும் எங்கள் தெருவுக்கு அது பஞ்சாயத்து ரேடியோவாகத்தான் வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஒலிபெருக்கியில் போடுவார்கள், மாநிலச் செய்தி ஓடும்போதே திண்ணையில் விவாதம் ஆரம்பித்துவிடும். அப்புறம் தறிக்கூடத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. இலங்கை வானொலியில் பாட்டு ஓட ஓட நெய்வோம். கையும் காலும் தறியில் இருந்ததால் காதுக்கு மட்டும்தான் வேலை. ரேடியோ எங்கள் பேச்சை நிறுத்தவில்லை, பேசுவதற்கு விஷயம் கொடுத்தது. பேப்பரும் அப்படித்தான். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், எழுத்துத் தெரியாதவரும் கருத்துச் சொல்வார். தினத்தந்தி பாமரனுக்கும் புரிகிற தமிழில் எழுதியதால்தான் அது நடந்தது என்பது என் எண்ணம்.

டிவி 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைக்கு வந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வரப் பல வருஷம் ஆயிற்று. அதனால் தெருவுக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்னால் ஐம்பது பேர். 1988 அக்டோபரில் தூர்தர்ஷன் மகாபாரதம் ஆரம்பித்தபோது எங்களுக்கு யாருக்கும் இந்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூத்துப் பார்த்துப் பழகிய பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் சகுனி, இப்போது பாய்ச்சிகையை உருட்டப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கதை எங்களுக்கு அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. நீ சொல்கிற கட்டியங்காரன் அந்த டிவிக்கு முன்னாலும் இருந்தான் தம்பி. பெட்டி மலிவாகி ஆளுக்கொன்று ஆனபோதுதான் அவனுக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். இந்த நாடகம் ஏன் இப்படி இருந்தது, அந்தப் படத்தை ஏன் போடவில்லை என்று குறை சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இப்போது எந்தச் சேனலில் அப்படிப் பதில் வருகிறது?

பொன்னைக்கரை எழுதியது:

கூட்டம் கலைந்தது என்று வருத்தப்படுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் பேச வேண்டும்.

நான் காலனிக்காரன். எங்கள் ஊரில் படுகளத்துக்கு எங்கள் ஆட்கள் மேளம் அடிக்க வேண்டும், ஆனால் கூத்து பார்க்க ஓரமாகத்தான் நிற்க வேண்டும். சாமி ஊர்வலம் எங்கள் தெரு முனையில் திரும்பிவிடும். பாஞ்சாலிக்கு நியாயம் கேட்ட கட்டியங்காரன் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர் கமிட்டி கூலி கொடுக்கிறது, ஊர் கேட்க விரும்புவதைத்தான் அவனும் கேட்பான்.

டிவி எங்கள் வீட்டு வாசலில் ஜாதி கேட்கவில்லை. 2006 தேர்தலில் இலவசக் கலர் டிவி தருவதாகச் சொன்னார்கள், அந்த வருஷம் செப்டம்பர் 15இல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 14 அங்குலப் பெட்டி. பலர் இன்றும் அதைக் கிண்டல் செய்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அதுவரை கிரிக்கெட், செய்தி, சினிமா எது பார்ப்பதென்றாலும் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னல்தான். தன் வீட்டில் பாயைப் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து செய்தி பார்த்த மனிதனுக்கு அது என்னவாக இருந்தது என்பது ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும் அந்த வகையில்தான் சேர்த்தி.

பேப்பரும் டிவியும் எங்களைப் பற்றி என்ன சொல்கின்றன, என்ன சொல்லாமல் விடுகின்றன என்பது தனிச் சண்டை. அதை இப்போது நாங்களே போனில் வீடியோ எடுத்துப் போட்டுப் பேசுகிறோம். தட்டிக் கேட்கும் ஆள் இல்லாமல் போய்விட்டான் என்கிறீர்கள். எங்களுக்கு அவன் இப்போதுதான் கிடைத்திருக்கிறான்.

கலவைரோடு எழுதியது:

பொன்னைக்கரை அண்ணா, நீங்கள் சொன்னதை அப்படியே கமிட்டியில் வைக்கப் போகிறேன். கூத்து இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், அது எல்லோருக்குமான களமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டாக வேண்டும்.

குடியாத்தம்பொண்ணு எழுதியது:

எல்லாரும் ஆண்கள் உட்கார்ந்த திண்ணையைப் பற்றியே பேசுகிறீர்கள்.

எங்கள் அம்மாவும் சித்தியும் பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கழுத்து மடக்க வேண்டும். கண்ணை அதிகம் எடுக்க முடியாத வேலை. அவர்களுக்கு டிவி என்பது பாதி ரேடியோதான். மத்தியான சீரியல் ஓடும், வசனம் காதில் விழும், யாராவது அழுதால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான்கைந்து பேர் ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் சுற்றுவார்கள். அந்த மாமியார் செய்தது சரியா, அவள் ஏன் பொறுத்துப் போகிறாள், நானாக இருந்தால் அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன் என்று வாதம் நடக்கும். தன் வீட்டுக் கதையை நேராகச் சொல்ல முடியாதவள் சீரியல்காரியின் பேரில் சொல்லிவிடுவாள். கேட்கிறவர்களுக்கும் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரியும். கேட்காத மாதிரி பதில் சொல்வார்கள்.

சீரியல் குடும்பத்தைக் கெடுத்தது என்று சொல்கிற ஆண்கள் இதைக் கேட்டதே கிடையாது. ஆனால் சீரியல் எல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். கறுப்பாக இருப்பவள் வேலைக்காரி, வெள்ளையாக இருப்பவள் மருமகள் என்பது எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் பேச்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பொட்டு, புடவை, நகை, கல்யாணத்தில் மெஹந்தி, சங்கீத் எல்லாம் திரையிலிருந்து வந்தவை. எங்கள் பக்கம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் சங்கீத் என்றால் யாருக்கும் தெரியாது. இப்போது கடன் வாங்கிச் செய்கிறார்கள். பீடிக் கூலியில் வாழும் வீட்டுக்கு அது எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியும்.

கூத்தைப் பற்றி ஒன்று. கட்டியங்காரன் பேசுகிற பேச்சில் பாதி பெண்களைக் கேவலப்படுத்துவதாக இருக்கும். வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார முடியாது. அதனால்தான் பலர் போவதை நிறுத்தினோம். டிவி மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்.

முகவீணை எழுதியது:

நான் கூத்துக்காரன் வீட்டுப் பிள்ளை. அப்பா மத்தளம். நானும் சில வருஷம் கூத்துக் குழுவில், எங்கள் பேச்சில் செட்டில், இருந்தேன், இப்போது ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறேன். சீசனில் கூப்பிட்டால் போவேன்.

அக்கா சொன்னது உண்மை. ஆனால் கட்டியங்காரன் பேச்சு இவ்வளவு நீண்டதற்கும் ஊடகத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. முன்பெல்லாம் அவன் ஒரு முறை வந்தால் கொஞ்ச நேரம், அப்புறம் வேஷம் வந்துவிடும். இப்போது எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் போனை ஸ்டாண்டில் வைத்து யூடியூபில் நேரலை போடுகிறார்கள். எட்டு மணி நேரக் கூத்தை அங்கே யார் பார்க்கிறார்கள்? பெங்களூரில், சென்னையில், துபாயில் இருக்கும் நம்ம ஆட்கள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் வெட்டிப் போடுகிற துண்டு வீடியோவில் காமெடி மட்டும்தான் ஓடும். அடுத்த ஊர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, அந்த காமெடி போட்டவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித்தான் தாம்பூலம் வைத்துச் செட்டை அமர்த்துகிறார். செட்டை நடத்தும் வாத்தியாருக்கு வேறு வழியில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை காமெடியே போனால், விடியற்காலைக் கட்டம் பறந்துவிடும். இத்தனைக்கும் ஓடுகிற வீடியோவின் வருமானத்தில் ஆடினவனுக்கு ஒரு பைசா வருவதில்லை.

வேஷத்திலும் கை வைத்துவிட்டார்கள். மரக்கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை இதெல்லாம்தான் எங்கள் அடையாளம். கட்டைக்கூத்து என்ற பேரே அதனால் வந்ததுதான். 2013இல் இருந்து டப்பிங் மகாபாரதம் டிவியில் ஓடிய பிறகு, கிருஷ்ணர் ஏன் டிவியில் மாதிரி அழகாக இல்லை என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். சில செட்டுகள் ஜிகினா வேஷத்துக்கு மாறிவிட்டன.

எனக்கு அதைவிட வருத்தம் கதைகளைப் பற்றியது. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வருவாள். கர்ணனின் மனைவி. தேரோட்டி மகன் என்று புருஷனையே இளக்காரமாக நடத்துவாள். கடைசி நாள் போருக்குப் போகும் முன் அவன் அவளிடம் விடைபெற வருகிற கட்டம் விடியற்காலையில் வரும். பிறப்பை வைத்து மனுஷனை மதிப்பது என்னவென்று அந்த ஒரு கட்டத்தில் தெரியும். பொன்னைக்கரை அண்ணன் கேட்ட கேள்வி கூத்துக்குள்ளேயே இருக்கிறது, விடியற்காலை வரை உட்கார்ந்தால். வடக்கத்தி டிவி பாரதத்தில் பொன்னுருவி கிடையாது, அம்மனுக்குக் காவல் நிற்கும் போத்துராஜாவும் கிடையாது. டிவியிலேயே பாரதம் பார்த்தாச்சு என்று சொல்கிறவர்கள் பார்த்தது வேறு ஊர்ப் பாரதம்.

பெண்கள் ஆடுவதைப் பற்றி அக்காவுக்கு ஒரு தகவல். பெருங்கட்டூர் ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் பக்கத்தில் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து வேஷம் கட்டினார்கள். 2002இல் தொடங்கி 2020 வரை நடந்தது. கூத்து மாறவே மாறாது என்பது சரியல்ல.

வாணியம்பாடிதெரு எழுதியது:

எங்கள் பக்கம் கூத்து குறைவு, அதனால் கூத்து பற்றிப் பேசத் தெரியாது. எங்கள் தாத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து வரும் முசல்மான் பத்திரிகையை வாங்கி வந்து உருது படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார். 1927இல் ஆரம்பித்த பத்திரிகை, பக்கம் முழுக்கக் கையால் எழுதி அச்சடிப்பார்கள். படித்து முடித்ததும் கேள்வி கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வார். ஆரணி ஐயா சொன்ன டீக்கடை எல்லா மொழியிலும் இருந்திருக்கிறது.

போளூர்பஸ் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். யாரும் 2018ஐத் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் நம்ம பக்கம் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே செய்தி. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதை என்று. கூடவே பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற வீடியோ. அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அட்டை காட்டுகிற பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சத்தை ஊர் முழுக்கப் பார்த்து நம்பியது.

மே 9ஆம் தேதி போளூர் பக்கம் அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். தமிழ் பேசுகிற, நம்ம சாமியைக் கும்பிட வந்த பெரியம்மா. எங்கள் ஊருக்கு மிக அருகில் நடந்தது இது. இன்றும் அந்தப் பக்கம் பஸ் போகும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

ஊடகத் தாக்கம் என்றால் எனக்கு இதுதான். பேப்பர் என்றால் யார் அச்சிட்டார்கள் என்று கீழே போட்டிருக்கும். ரேடியோ என்றால் நிலையத்தின் பேர் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பினார், பிரெண்டு அனுப்பினான் என்ற நம்பிக்கைதான் முகவரி. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. நமக்கு அது தாமதம்.

காட்பாடிஜங்ஷன் எழுதியது:

போளூர் அண்ணா, மனசு கனத்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். அத்திமூரில் அடித்ததும் கூட்டம்தானே? தனியாகப் போன் பார்த்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்துதானே அடித்தார்கள்? 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே வரிசையில் நின்றது. அப்போது வாட்ஸ்அப் கிடையாது, போனிலும் வாய்வழியாகவும் ஒரே நாளில் பரவியது. கூட்டம் இருந்தாலே கேள்வி வந்துவிடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

போளூர்பஸ் எழுதியது:

சரியான கேள்வி. என் பதில் இது. அந்தக் கூட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்து சேர்ந்தது. ஆளாளுக்கு வாரக்கணக்கில் தனித்தனியாக அதே வீடியோவைப் பார்த்துப் பயந்து போயிருந்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருந்தால், இது எந்த ஊர், இதில் ஆட்டோ ஏன் இப்படி இருக்கிறது, போலீஸில் கேட்டாயா என்று ஒருவராவது கேட்டிருப்பார். கேட்டே தீர்வார் என்று சத்தியம் செய்யமாட்டேன். வாய்ப்பு இருந்திருக்கும்.

இதை வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை. அதே 2018இல் தெலங்கானாவில் கட்வால் பக்கம் இதே வதந்தி பரவியது. அங்கே எஸ்.பி. ஆக இருந்த ரெமா ராஜேஸ்வரி போலீஸ்காரர்களை கிராமம் கிராமமாக அனுப்பினார். நாட்டுப்புறப் பாடகர்களையும் மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய், பொய் வீடியோவைப் பற்றிப் பாட்டாகப் பாடி, ஜனங்களைக் கேள்வி கேட்க வைத்தார்கள். அந்தப் பகுதியில் உயிர்ச்சேதம் நடக்கவில்லை. நம்ம கையில் கூத்து இருக்கிறது. கட்டியங்காரன் கொஞ்ச நேரம் அதைப் பேசினால் ஊரே கேட்கும்.

குடியாத்தம்பொண்ணு எழுதியது:

அதை அவன் பேசுவதாக இருந்தால் நானும் வருகிறேன், என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கலவைரோடு எழுதியது:

கமிட்டியில் இப்படிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். பத்து ராத்திரி ஒத்துக்கொள்ளமாட்டார்கள். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் இந்த நான்கையும் விடிய விடிய முழுதாக வைப்பது. மற்ற ராத்திரியில் அவர்கள் இஷ்டம், ஆர்கெஸ்ட்ராவோ எதுவோ. உட்காருகிற இடத்தில் கயிறு, ஓரம் எதுவும் கூடாது. காலனித் தெருவுக்குச் சாமி போவதையும் சேர்த்தே பேசுவேன், அதில் எதிர்ப்பு வரும் என்று தெரியும். வீடியோ எடுக்கிறவர் செட்டுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு முழுக் கூத்தையும் போட வேண்டும், துண்டு போடுவதென்றால் வாத்தியாரைக் கேட்டுத்தான்.

முகவீணை தம்பி, இதையெல்லாம் செட்டு ஒத்துக்கொள்வார்களா?

முகவீணை எழுதியது:

ஒத்துக்கொள்வார்கள் அண்ணா. தாம்பூலம் வைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காமெடி ஒரு அளவோடு, பெண்களைப் பற்றிக் கொச்சை வேண்டாம், பொன்னுருவி கட்டத்தை வெட்டக் கூடாது என்று. ஊர் கேட்டால் வாத்தியாருக்குச் சந்தோஷம்தான், அவர் ஆட ஆசைப்படுவதும் அதைத்தான். பார்வர்டு வதந்தி பற்றிக் கட்டியங்காரனுக்கு நானே உட்கார்ந்து விஷயம் சொல்கிறேன், வசனத்தை அவரே கட்டிக்கொள்வார். ஒன்றே ஒன்று, பங்குனியிலிருந்து ஆனி வரை நல்ல செட்டுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம். சித்திரையில் வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததும் வந்துவிடுங்கள்.